சாயக் கோடு போட்ட காடு

சிரம்பானுக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். கலியாணத்திற்கு, கோயில் திருவிழாவிற்கு, பிள்ளைக்குப் பெண் பார்க்க என்று போகாதவர் இல்லை. ஆனால் சிரம்பானிலிருந்து கிழக்கே திரும்பி, வளைந்து வளைந்து ஏறும் புக்கிட் தங்கா மேட்டைக் கடந்து, கோல கிளாவாங் வழியாகச் சிம்பாங் பெர்தாங் வரை போனவர்கள் உங்களில் எத்தனை பேர்? அந்த வட்டாரத்தில்தான் பாசோ காடு இருக்கிறது. அருவி கிடையாது, குளிர்ச்சி கிடையாது, படம் எடுத்துக்கொள்ள ஒரு மலை உச்சிகூடக் கிடையாது. ஆனாலும் காட்டைப் படிக்கிற விஞ்ஞானிகள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் பாசோ என்றால் தெரிந்துகொள்வார்கள். நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் நமக்குத்தான் தெரியவில்லை.

நான் போனதற்குக் காரணம் என் நண்பரின் மகன். பல்கலைக்கழகத்தில் வனவியல் படிக்கிறான். பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. "அங்கிள், நீங்கள் எப்போதும் மழையைப் பற்றியே பேசுவீர்களே, ஒரு தடவை எங்கள் காட்டுக்கு வந்து பாருங்கள்" என்றான். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அதை அவனே வாங்கி வைத்திருந்தான்.

மழையைப் பற்றி நான் ஏன் எப்போதும் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தார். ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி. தினமும் காலை ஏழு மணிக்கு அப்பா அதைத் திறந்து, தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, ஒரு நீலப் புத்தகத்தில் எழுதுவார். தீபாவளியானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி, ஏழு என்றால் ஏழுதான். நான் சிறுவனாக அவர் பின்னால் குடை பிடித்து நின்றிருக்கிறேன். மழை என்பது எங்களுக்கு வெறும் பேச்சல்ல. விடியற்காலையில் மழை கொட்டினால் மரம் நனையும். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. மாதக் கடைசியில் அந்தக் கணக்கு எத்தனை வீட்டு அடுப்பில் வந்து முடியும் என்று தோட்டத்தில் வாழ்ந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஒரு சமயம், சில வருடங்களாகவே புத்தகத்தில் மழை குறைந்துகொண்டே வந்தது. "இந்தத் தோட்டத்தில் மழை வற்றிப்போகிறது" என்று மேலிடத்தில் பேச்சு. அப்பாவுக்கு மட்டும் அது ஒப்பவில்லை. செக்ரோலை எடுத்து வைத்துக்கொண்டு, மழையினால் வேலை நின்ற நாட்களை எண்ணிப் பார்த்தார். அது குறையவே இல்லை! நாட்கள் அதேதான், அங்குலம் மட்டும் எப்படிக் குறையும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைமானியின் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். வேலி ஓரத்தில் யாரோ நட்ட ரம்புத்தான் கன்று மரமாகிக் கிளை விரித்து, மழைமானியின் தலைக்கு மேல் குடையாக நின்றது. மழைமானிக்கு அருகில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் விட்டு வைக்கவேண்டும் என்பது விதி. அந்த விதி எங்களுக்கு அப்போது தெரியாது. மானியை வெட்டவெளிக்கு மாற்றினார்கள். ஆனால் ஒரு கஷ்டம். பழைய கணக்கையும் புதிய கணக்கையும் இனிச் சேர்த்துப் படிக்க முடியாது. ரம்புத்தான் எந்த வருடத்திலிருந்து எவ்வளவு மழையைக் குடித்தது என்று யாருக்குத் தெரியும்? பின்னர் தோட்டம் கைமாறியபோது அந்த நீலப் புத்தகங்கள் எல்லாமே குப்பையோடு எரிந்தன. அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாததால்தான் எனக்கு மறக்கவில்லை.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது என்னோடு காட்டுக்குள் வாருங்கள்.

சிம்பாங் பெர்தாங் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. அந்தப் பச்சைப் படையைப் பிளந்துகொண்டு போகிறோம் போகிறோம், திடீரென்று ஒரு சுவர் மாதிரி காடு எழும்பி நிற்கிறது. உள்ளே நுழைந்தால் வெளிச்சம் பாதியாகக் குறைகிறது. சில்வண்டுகளின் இரைச்சல் காதை அடைக்கிறது. அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை துணிக் காலுறை கட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒன்று கழுத்து வழியாக வந்து தன் பங்கை வாங்கிக்கொண்டு போனது. மெராந்தி, கெருயிங், செங்கால் என்று பலகைக் கடையில் மட்டுமே நாம் கேட்ட பெயர்களெல்லாம் இங்கே தலை தெரியாத உயரத்தில் உயிரோடு நிற்கின்றன.

"அங்கிள், வழியை விட்டு இறங்காதீர்கள். சின்னக் கன்றை மிதித்துவிட்டால் அதுவும் கணக்கில் வரும்" என்றான் பையன்.

வேடிக்கையாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. இந்தக் காட்டின் நடுவில் ஆயிரம் மீட்டர் நீளம், ஐந்நூறு மீட்டர் அகலம், அதாவது 50 ஹெக்டர் நிலத்தை அளந்து எல்லை போட்டிருக்கிறார்கள். அதை இருபது மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 1,250 கட்டங்கள். அந்த நிலத்துக்குள் ஒரு செண்டிமீட்டர் தடிமன் உள்ள, அதாவது நம் சுண்டுவிரல் பருமன் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, பெயர் கண்டுபிடித்து, இடம் குறித்து, அளந்து வைத்திருக்கிறார்கள். 1980-களின் நடுவில் ஆரம்பித்த முதல் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 335,000 மரங்கள்! இனங்கள் மட்டும் 800-க்கு மேல். பெயர் கண்டுபிடிப்பதே ஒருவருடைய ஆயுள் வேலை. மரத்தியலில் பேர்போன கே.எம். கொச்சும்மன், என். மனோகரன், பீட்டர் ஆஷ்டன் முதலியோர் இதில் உழைத்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்தில் அளப்பது எப்படி என்று மனோகரனும் அவரது கூட்டாளிகளும் 1990-இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார்கள்.

ஐந்தாண்டுக்கு ஒரு முறை திரும்பி வந்து, அதே மரத்தை அதே இடத்தில் அளப்பதுதான் ஏற்பாடு. வளர்ந்தது எவ்வளவு, செத்தது எத்தனை, புதிதாகத் தலையெடுத்தது எத்தனை என்று பார்க்கிறார்கள். உலகத்தின் உஷ்ணம் ஏறுகிறது, காற்றில் கரியமில வாயு பெருகுகிறது என்று பத்திரிகைகளில் படிக்கிறோம் அல்லவா? அதனால் காடு என்ன ஆகிறது என்பதை வேறு எப்படித் தெரிந்துகொள்வது? மரம் வாய் திறந்து சொல்லாது. டேப்தான் சொல்லவேண்டும்.

எங்களோடு ஒரு மலாய்க்காரப் பெரியவர் வந்தார். பல ஆண்டுகளாக இந்தக் காட்டில் வேலை செய்பவர். எல்லோரும் அவரைப் பாக்சிக் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கையில் ஒரு கம்பு வைத்திருந்தார். ஊன்றுகோல் என்று நினைத்தேன். அது 1.3 மீட்டர் கம்பு. மரத்தின் மேட்டுப் பக்கமாக அதை நிறுத்தி, அதன் நுனி தொடும் உயரத்தில் டேப்பைச் சுற்றுகிறார். கொடி படர்ந்திருந்தால் கொடியை விலக்கி அதற்கு அடியில் டேப்பைச் செலுத்துகிறார். அளந்த இடத்தில் சாயத்தால் ஒரு கோடு. ஐந்து வருடம் கழித்து யார் வந்தாலும் அந்தக் கோட்டின் மேல்தான் டேப்பைப் போடவேண்டும்.

'மார்பு உயரம்' என்பதே அந்த அளவின் பெயர். யாருடைய மார்பு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. பாக்சிக் என் தோளுக்குத்தான் வருவார். வெள்ளைக்கார விஞ்ஞானி ஒருவர் வந்தால் அவருடைய மார்பு பாக்சிக்கின் நெற்றிக்கு நேராக இருக்கும். இது வேடிக்கைக்காக நான் சொல்வதல்ல. அமெரிக்காவில் காட்டிலாகாவினர் நாலரை அடியில் அளப்பார்கள், அது 1.37 மீட்டர். நியூசிலாந்தில் 1.4 மீட்டர். அடிமரம் பெருத்தும் மேலே சிறுத்தும் இருப்பதால் கை அகலம் மேலே கீழே போனாலும் கணக்கு மாறும். ஒரு மரத்தில் அது அற்பம்தான். மூன்று இலட்சம் மரத்தில்?

தோட்டத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. இளம் பால்மரத்தை வெட்டுக்குத் திறக்கலாமா என்று பார்க்கும்போது நம் ஆட்களும் டேப்போடு போவார்கள். தரையிலிருந்து குறிப்பிட்ட உயரத்தில் சுற்றளவு 45, 50 செண்டிமீட்டர் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். டேப்பை ஒரு சாண் கீழே இறக்கிப் பிடித்தால், திறக்கக்கூடாத மரமும் திறக்கும் மரமாகிவிடும்.

இன்னும் பெரிய தொல்லை, பலகை வேர். பெரிய காட்டு மரங்களின் அடியில் ராக்கெட்டின் சிறகுகள் மாதிரி வேர்கள் எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1.3 மீட்டரில் டேப்பைச் சுற்றினால் மரத்தை அளக்கமாட்டோம், பலகையைத்தான் அளப்போம். நடுமரத்தைவிடப் பலகை வேர் வேகமாகப் பக்கவாட்டில் விரியும். ஆகவே மரம் மிக வேகமாகப் பெருக்கிறது என்று பொய்க் கணக்கு வரும். அதனால் இப்படிப்பட்ட மரங்களுக்கு ஏணி போட்டு ஏறி, பலகை முடிந்து மரம் உருண்டையாகும் இடத்துக்கு மேலே அளக்கிறார்கள். எத்தனை மீட்டர் உயரத்தில் அளந்தோம் என்பதையும் எழுதுகிறார்கள்.

இந்தப் பலகை வேர் விஷயம் உலக அளவில் ஒரு வழக்கையே கிளப்பியது என்றால் நம்புவீர்களா? 1998-இல், அமேசான் காட்டு மரங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்து, நாம் விடும் கரியமில வாயுவில் ஒரு பங்கை இழுத்துக்கொள்கின்றன என்று ஒரு விஞ்ஞானிக் குழு எழுதியது. நல்ல செய்திதான். ஆனால் 2002-இல் மற்றொரு விஞ்ஞானி எழுந்து, "உங்கள் நிலங்கள் சிலவற்றில் பலகை வேரையும் சேர்த்துச் சுற்றி அளந்திருக்கிறார்கள் போலிருக்கிறதே, அந்த வளர்ச்சி மரத்துடையதா, அளவுடையதா?" என்று கேட்டார். முதல் குழுவினர் சந்தேகமானவற்றைத் தள்ளிவிட்டு மறுகணக்குப் போட்டு, தங்கள் முடிவு நிற்கிறது என்று பதில் சொன்னார்கள். அதோடு எல்லா நிலங்களிலும் ஒரே முறையில் அளக்கக் கண்டிப்பான விதிகளையும் எழுதிக்கொண்டார்கள். உலகத்துப் புகையைக் காடு குடிக்கிறதா இல்லையா என்ற பெரிய கேள்வி, ஒரு டேப்பை எந்த உயரத்தில் பிடித்தார்கள் என்பதில் வந்து தொங்கியது பாருங்கள். எங்கள் ரம்புத்தான் மரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பாசோவுக்கு ஓர் அண்ணன் உண்டு. பனாமா கால்வாய்க்காக ஆற்றை மறித்தபோது உண்டான ஏரியில், பாரோ கொலராடோ என்று ஒரு தீவு. அங்கே ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இருவர் 1980-இல் தொடங்கியதுதான் முதல் 50 ஹெக்டர் நிலம். முதல்வர்களுக்கே உரிய பிழைகளும் அங்கே நேர்ந்தன. ஆரம்பக் கணக்கெடுப்புகளில் சிறு மரங்களை ஐந்து மில்லிமீட்டர் கணக்கில் தள்ளி எழுதிவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டராக எழுதத் தொடங்கியபோது பழையதையும் புதியதையும் பொருத்தத் தனிக் கணக்கே போடவேண்டியிருந்தது. அந்த அனுபவத்தையெல்லாம் சேர்த்து முறையை வகுத்தார்கள். இன்று அதே முறையில் உலகெங்கும் 70-க்கு மேற்பட்ட நிலங்கள். சரவாக்கில் லம்பீர், இலங்கையில் சிங்கராஜா, சிங்கப்பூர் வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகும் புக்கிட் தீமாவில் 1993 முதல் ஒரு சிறு நிலம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். தமிழ்நாட்டில் நீலகிரிச் சாரலில் உள்ள முதுமலையிலும் 1988 முதல் ஒரு 50 ஹெக்டர் நிலம் இருக்கிறது. ஆர். சுகுமார் என்ற யானை ஆய்வாளர் தொடங்கியது. அங்கே யானை மரத்தை ஒடிக்கும், கோடையில் தீ பிடிக்கும். ஆகவே எது செத்தது, எதனால் செத்தது என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். காடு வேறு, தொல்லை வேறு. கம்பு மட்டும் ஒன்றே.

கம்பு ஒன்றாக இருந்ததால் என்ன பயன்? 2007-இல் பாசோவின் கணக்கையும் பனாமாவின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காட்டிலும் மரங்கள் வளரும் வேகம் முன்னைவிடக் குறைந்திருந்தது. கரியமில வாயு கூடினால் மரம் செழிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சி. உஷ்ணமா, மேகமூட்டமா, வேறு எதுவா என்று காரணத்தைப் பற்றி வாதம் நடந்தது. ஆனால் உலகத்தின் இரு கோடியில் இருக்கும் காடுகளைப் பற்றி இப்படி ஒரு வாதம் செய்யவே, இரண்டு இடத்திலும் ஒரே உயரத்தில் டேப் பிடித்த கைகள் வேண்டியிருந்தன.

நடந்துகொண்டே வந்த பையன் ஓரிடத்தில் நின்றான். தரையில் ஒரு குப்பைமேடு மாதிரி, ஒடித்த சின்னஞ்சிறு மரங்கள் குவிந்து கிடந்தன. "இது யார் வேலை என்று நினைக்கிறீர்கள், அங்கிள்?" என்றான். காற்று என்றேன். இல்லையாம். காட்டுப் பன்றியாம்! குட்டி போட இடம் வேண்டி, கன்றுகளை வாயால் ஒடித்தும் பிடுங்கியும் பெண்பன்றி கட்டும் கூடு அது. பன்றி இங்கே ஏன் இவ்வளவு பெருத்தது? வழியில் பார்த்தோமே செம்பனை, அதன் பழத்தைத் தின்றுதான். இரவில் தோட்டத்தில் விருந்து, காட்டுக்குள் பிரசவம். இப்படிக் கூடு கட்டியே 24 ஆண்டுகளில் இளமரங்களின் நெருக்கம் 62 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2017-இல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது.

அன்று நான் கேட்டவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். பன்றியைக் கவனிக்காமல் மரத்தை மட்டும் எண்ணியிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? இளமரங்கள் அழிகின்றன, சீதோஷ்ணம் கெட்டதே காரணம் என்று கை நீட்டியிருப்போம். அங்கே மழை குறையவில்லை, ரம்புத்தான் வளர்ந்திருந்தது. இங்கே குற்றவாளி வெயில் அல்ல, பன்றி. பன்றிக்குப் பின்னால் செம்பனை, செம்பனைக்குப் பின்னால் நாம். ஒடிந்ததா, பட்டுப்போனதா, வேரோடு சாய்ந்ததா என்று ஒவ்வொன்றையும் ஒரே சொல்லில், ஒரே குறியில் எழுதவேண்டும் என்று ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மரம் மட்டுமல்ல, மண்ணுக்கும் இந்தத் தகராறு உண்டு. உதிர்ந்த இலை எவ்வளவு சீக்கிரம் மக்குகிறது என்று அறிய ஒவ்வோர் ஊரிலும் அவரவர் ஊர் இலையைப் புதைத்துப் பார்த்தார்கள். நார்வே நாட்டு இலையும் நம் மெராந்தி இலையும் ஒன்றாகுமா? 2013-இல் சிலர் ஓர் உபாயம் செய்தார்கள். கடையில் விற்கும் தேயிலைப் பை! பச்சைத் தேயிலைப் பை ஒன்று, ரூய்போஸ் என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் பை ஒன்று. இரண்டையும் எட்டு செண்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, மூன்று மாதம் கழித்துத் தோண்டி, காயவைத்து நிறுத்துப் பார்க்கவேண்டும். உலகம் முழுதும் ஒரே இலை, ஒரே பை. பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். அதிலும் சோதனை வந்தது. பை செய்கிறவர்கள் இடையில் பையின் துணியை மாற்றிவிட்டார்கள்! பழைய பையின் கணக்கும் புதிய பையின் கணக்கும் ஒன்றா என்று அதற்கொரு ஆராய்ச்சி. 2020-இல் நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி, சீதோஷ்ண மாற்றத்தால் நிலத்துக்கும் செடிக்கும் ஏற்படுவதை எவ்வெவ்வாறு அளக்கவேண்டும், எதையெதை மறக்காமல் எழுதி வைக்கவேண்டும் என்று ஒரு பெருங் கையேடு போட்டிருக்கிறார்கள். பையன் அதைத் தன் கணினியில் வைத்திருந்தான். அவசரத்தில் புரட்டிப் பார்த்தேன். சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கிறது. உப்பு எவ்வளவு என்பதை மட்டும் 'தேவைக்கேற்ப' என்று விடவில்லை.

காட்டின் நடுவே 52 மீட்டர் உயர இரும்புக் கோபுரம் ஒன்று உண்டு. மரத் தலைகளுக்கு மேலே போகும் காற்றையும் கரியமில வாயுவையும் வினாடிக்குப் பத்து முறை கருவி பதிகிறதாம். நிமிர்ந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். என் வயதும் முழங்காலும் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் பாக்சிக் ஒரு மரத்தைத் தேடினார். கட்டத்தின் எண் சரி, இடம் சரி, மரத்தைக் காணோம். சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் குனிந்து, மக்கிப்போன ஒரு கட்டையின் ஓரத்தில் இலைகளைக் கையால் தள்ளினார். அலுமினிய வில்லை ஒன்று கிடந்தது. மண்ணைச் சட்டையில் துடைத்துவிட்டு எண்ணை உரக்கப் படித்தார். பையன் தாளில் பார்த்து, "சென்ற முறை 23 செண்டிமீட்டர்" என்றான். பிறகு அந்த வரியில் செத்தது என்பதற்கான குறியைப் போட்டான்.

"இந்த எண்ணை இனி வேறு மரத்துக்குக் கொடுப்பீர்களா?" என்று கேட்டேன்.

"கொடுக்க மாட்டார்கள், அங்கிள். அது அந்த மரத்தின் எண்தான்."

பாக்சிக் வில்லையைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு நடந்தார். மணி ஐந்தாகிவிட்டது. சாலைக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.